அளவறிந்து திறக்கும் மதகு

நீரின் அருமையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் இல்லை. ஒருபுறம் சேர்வராயன் மலையும் மறுபுறம் கொல்லி மலையும் நின்று நோக்க, இடையே விரிந்து கிடக்கும் இந்நிலம் கோடையில் வெந்து கிடக்கும். மண்ணைத் துளைத்து நீர் தேடும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை இந்தியாவெங்கும் அனுப்பிவைக்கும் திருச்செங்கோடு இங்குதான் உள்ளது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை நாளேட்டில் நாள்தோறும் பார்ப்பது நம் பெரியோரின் வழக்கம். மட்டம் 120 அடியைத் தொட்டால் மகிழ்வோம்; இறங்கினால் வருந்துவோம். இத்தகைய மண்ணில் பிறந்த ஒருவரிடம், “உங்கள் உடம்பிலுள்ள நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை தருகிறேன்” என்று மருத்துவர் சொன்னால் அவர் அஞ்சுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

அந்த அச்சத்தைப் பற்றியும், அதற்கு நேரெதிரான அளவற்ற நம்பிக்கையைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாள்பட்ட சிறுநீரக நோயாளர் உட்கொள்ளும் நீர்பெருக்கி மருந்துகளை ஊரார் ‘நீர் மாத்திரை’ என்பர். இம்மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று எண்ணி நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். நீர் பிரிந்தால் நோய் தீர்ந்தது என்று எண்ணித் தாமே அளவைக் கூட்டியும், அதன்மேல் கஷாயங்களைச் சேர்த்தும் உண்போர் மற்றொரு சாரார். இரு சாராரையும் நம் உறவுக்குள்ளேயே கண்டிருக்கிறோம். தமிழ்த்துறை மலரில் மருத்துவம் எதற்கு என்று சிலர் வினவலாம். வள்ளுவர் தம் நூலில் 95-ஆம் அதிகாரத்தை மருந்துக்கென்றே ஒதுக்கினார் என்பதே அவர்களுக்கு நாம் தரும் விடை.

சிறுநீரகத்தின் கணக்கு

நம் இரு சிறுநீரகங்களிலும் ஏறத்தாழப் பத்துப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் அவை இரத்தத்திலிருந்து வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அவ்வளவும் வெளியேறினால் ஒரு மணி நேரம்கூட உயிர் தரிக்க இயலாது. ஆகவே வடிகட்டிய நீரில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைச் சிறுநீரக நுண்குழல்கள் மீண்டும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகப் பிரிகிறது.

இனி, இதனினும் வியப்பான கணக்கு ஒன்றுண்டு. அந்த 180 லிட்டர் நீரோடு வடிகட்டப்படும் உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதிலும் பெரும்பகுதி திரும்பப் பெறப்படுகிறது. நாம் அன்றன்று உண்ட உப்பின் அளவே வெளியே செல்கிறது. உப்பு எங்கே செல்கிறதோ அங்கே நீரும் பின்தொடரும் என்பது உடலின் விதி. உடலில் ஏறத்தாழ 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் அதனோடு ஒரு லிட்டர் நீரும் தங்கும். எடையும் ஒரு கிலோ ஏறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கால் வீங்குவதும், முகம் உப்புவதும், இரத்த அழுத்தம் ஏறுவதும், இரவில் படுத்தால் மூச்சு முட்டுவதும் பெரும்பாலும் இவ்வழியே வருகின்றன.

இங்கே தெளிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நீர் மாத்திரை என்று நாம் அழைப்பது உண்மையில் உப்பு மாத்திரையே. அது நுண்குழலுக்குள் சென்று, உப்பைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைக்கிறது. உறிஞ்சப்படாத உப்பு சிறுநீரோடு வெளியேற, நீர் அதனைப் பின்தொடர்கிறது. சிறுநீரகத்தைப் பிழிந்து நீரெடுக்கும் வேலை எதுவும் அங்கே நடைபெறுவதில்லை. இவ்வுண்மையை அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி நீங்கும். அளவற்ற நம்பிக்கையிலும் பாதி நீங்கும்.

பழையோர் கண்ட வழி

உடலில் நீர் கோத்து வீங்கும் நோயை எல்லா நாட்டாரும் பண்டே அறிந்திருந்தனர். அதனைப் போக்க மூலிகைகளையும் தேடினர். நெருஞ்சில், நீர்முள்ளி, மூக்கிரட்டை, சிறுபீளை ஆகியவற்றை நீர்பெருக்கும் செய்கையுடையன என்று சித்த மருத்துவம் கூறும். இவற்றுள் சிறுபீளையைப் பூளைப்பூ என்ற பெயரால் இப்பகுதியில் அறியாதார் இல்லை. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து நம் அண்டை வீட்டார் காப்புக் கட்டும் வெண்பூ அதுவே. நாம் சிறுவராக இருந்தபோது அவ்வீட்டுப் பிள்ளைகளோடு வரப்புகளில் திரிந்து அதனைப் பறித்துத் தந்திருக்கிறோம்.

யுனானி மருத்துவத்தார் நீர்பெருக்கிகளை ‘முதிர்’ என்னும் அரபுச் சொல்லால் வழங்குவர். சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் தோன்றும் கற்களைப் பற்றித் தனிநூலே இயற்றினார் அறிஞர் அர்ராஸி. அடுத்து வந்த இப்னு சீனா (980–1037) தம் பெருநூலாகிய அல்கானூனில் சிறுநீரின் நிறம், தெளிவு, படிவு ஆகியவற்றைக் கொண்டு நோயறியும் முறையை விரித்துரைத்தார்.

மேலைநாட்டில் 1785-ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர், நாட்டுப்புற மூதாட்டி ஒருத்தி நீர்வீக்கத்திற்குத் தந்துவந்த பல்மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதன் ஆற்றல் டிஜிட்டாலிஸ் என்னும் ஒரு செடியில் உள்ளது என்று கண்டு நூல் எழுதினார். அச்செடியின் இலை அளவோடு தந்தால் மருந்து. அளவு மிகுந்தால் நஞ்சு. ஆகவே எவ்வளவு தருவது என்பதையே அவர் பெரிதும் ஆராய்ந்தார். 1827-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், நீர்வீக்கம், சிறுநீரில் கலந்து வரும் புரதம், சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் கூறுகள் என்று நிறுவினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதரசக் கூட்டுப்பொருளே நீர்பெருக்கியாக ஊசிவழி ஏற்றப்பட்டது. நீர் பிரிந்தது உண்மை. ஆயினும் பாதரசம் சிறுநீரகத்தையே தாக்க வல்லது. 1950-களின் இறுதியில் தயசைடு வகை மாத்திரைகளும், 1960-களில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் கண்ட ஃபியூரோசிமைடும் வந்த பின்னரே அக்கொடுமை நீங்கியது. நம் ஊர் மருந்துக் கடைகளில் லாசிக்ஸ் என்று கேட்டு வாங்குவது இதனையே. ஆறு மணி நேரம் வேலை செய்வது என்னும் குறிப்புத் தோன்ற அப்பெயர் இடப்பட்டது என்பர். நீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இன்றும் அஞ்சுவோர் உளர். பாதரசத்தை நோக்க அவ்வச்சம் பொருந்தும். இன்றைய மாத்திரையை நோக்க அது பொருந்தாது.

பெரியத்தாவின் பயணம்

எம் பெரியத்தா நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றிச் செல்லும் லாரியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவரைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. 2014-ஆம் ஆண்டளவில் கால்கள் வீங்கத் தொடங்க, சிறுநீரகம் தளர்ந்திருப்பதைப் பரிசோதனை காட்டியது. மருத்துவர் நீர் மாத்திரை எழுதித் தந்தார்.

மாலையில் முட்டை ஏற்றி முடித்து, உணவு உண்டு, மாத்திரையையும் விழுங்கிவிட்டு அவர் வண்டியை எடுப்பார். மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தன் வேலையைத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலையில் அரை மணிக்கொரு முறை வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அந்நாளில் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்க, இறங்கிச் செல்லவும் இயலாது, அடக்கவும் இயலாது அவர் பட்ட இடரைச் சொல்லும்போதே அவருக்கு முகம் சிவக்கும். ஒரு வாரம் பொறுத்தார். பின்பு வண்டி எடுக்கும் நாளில் மாத்திரையை விட்டார். வண்டி எடுக்காத நாளே அவருக்கு அரிது.

காரணம் அது ஒன்று மட்டும் அன்று. “இருக்குற தண்ணியெல்லாம் வெளிய போயிட்டா கிட்னி காஞ்சு போயிடாதா தம்பி?” என்று எம்மை ஒருநாள் வினவினார். மாத்திரை தொடங்கிய பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு சற்றே ஏறியிருந்ததும் அவர் ஐயத்தை வலுவாக்கிற்று. யாரோ சொன்னார் என்று நெருஞ்சில் கஷாயம் குடித்தார். முதுகுவலிக்குக் கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் தொடர்ந்தன. உடல் சூடு தணிய இளநீரும் பருகினார்.

மூன்று மாதம் கழிந்து ஓர் இரவு, படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். விடியும்வரை பெரியம்மா அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார். சேலத்து மருத்துவமனையொன்றில் சேர்த்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நான்கு நாளில் அவர் உடலிலிருந்து இறங்கிய எடை ஏழு கிலோ. அத்தனையும் உப்போடு தங்கிய நீர்.

மருத்துவர் சொன்ன விளக்கம்

அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் பொறுமை மிக்கவர். பெரியத்தாவின் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விடையிறுத்தார். உடனிருந்து அறிந்தவற்றை, பின்பு கற்றவற்றோடு சேர்த்து, இங்கே தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நீர் மாத்திரையின் அளவு குறைய வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர். ஃபியூரோசிமைடைப் பொறுத்தவரை உண்மை இதற்கு மாறானது. அம்மருந்து இரத்தத்திலிருந்து நேரே வேலை செய்வதில்லை. நுண்குழலுக்குள் சுரக்கப்பட்டு, குழலின் உட்புறத்திலிருந்தே வாயிலை அடைக்கிறது. நோயுற்ற சிறுநீரகத்தில் மருந்து உட்செல்லும் வழி குறுகியிருக்கும். உடலில் தேங்கிய கழிவுகளும் அதே வழிக்குப் போட்டியிடும். ஆகவே 40 மில்லிகிராம் ஒருவருக்குப் போதுமாயிருக்க, மற்றொருவருக்கு 80 அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். குறித்த அளவு உட்செல்லாவிட்டால் மருந்து சிறிதும் வேலை செய்யாது. அந்த அளவைக் கடந்தபின் மேலும் கூட்டினால் பலன் கூடாது, தீங்கே கூடும். அந்தப் படியைக் கண்டறிவதே மருத்துவரின் பணி. மேலும், வாய்வழி உட்கொள்ளும் ஃபியூரோசிமைடு குடலில் ஒருவருக்கு மிகுதியாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் உறிஞ்சப்படும். டோர்சிமைடு என்னும் மாத்திரை ஏறக்குறைய சீராக உறிஞ்சப்படும். ஒருவருக்கு எழுதித் தந்த சீட்டை மற்றொருவர் பயன்படுத்தலாகாது என்பதற்கு இவையே காரணம்.

இரண்டாவது, கிரியேட்டினின் சற்று ஏறுவது பற்றியது. தேங்கிய நீர் வடியும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த அழுத்தம் சிறிது தணிவதால் இவ்வளவு ஏறுவது உண்டு. அது சிறுநீரகம் சிதைந்ததன் அடையாளம் ஆகாது. ஆயினும் அளவு தொடர்ந்து ஏறினாலோ, எழுந்து நின்றால் தலைசுற்றினாலோ, தசைகள் இழுத்துப் பிடித்தாலோ, நீர் வேண்டியதற்கு மேல் வெளியேறிவிட்டது என்று பொருள். வாந்தியும் பேதியும் காணும் நாளிலும், கடுங்கோடையில் வியர்த்துச் சோரும் நாளிலும் மாத்திரையைச் சிறிது நிறுத்திவைக்க நேரிடலாம். எந்நாளில் நிறுத்துவது, எந்நாளில் தொடர்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நன்று.

மூன்றாவது, வலி மாத்திரை பற்றியது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைத்து, உப்பையும் தேக்கி வைத்து, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். லாரி ஓட்டுநரும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் நின்றே பணிபுரிவோரும் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் இவற்றைக் கடலை மிட்டாய்போல் வாங்கி உண்பதை நாம் காண்கிறோம். சிறுநீரக நோயாளர் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

நான்காவது, பொட்டாசியம் என்னும் தாது பற்றியது. ஃபியூரோசிமைடும் தயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஸ்பைரோனோலாக்டோன் என்னும் நீர்பெருக்கியோ அதனைத் தேக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். நலமுள்ளோர்க்கு அமுதமாகிய இளநீர் பொட்டாசியம் நிறைந்தது; ஆகவே இந்நோயாளர்க்கு அதுவே கேடாக முடியலாம். மூலிகைக் கஷாயங்கள் பற்றியும் அம்மருத்துவர் இகழ்ந்து பேசவில்லை. தளர்ந்த சிறுநீரகத்துக்கு அவை எவ்வளவு தரலாம் என்பது பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளால் இன்னும் உறுதிப்படவில்லை; அளவு தெரியாத மருந்தின்மேல் அளவு தெரிந்த மருந்தைச் சேர்த்தால் இரண்டின் கணக்கும் கெட்டுவிடும் என்றார். நேர்மையான மறுமொழியாக அது எமக்குப் பட்டது.

உப்பின் சூழ்ச்சி

மாத்திரையின் ஆற்றல் ஏறத்தாழ ஆறு மணி நேரம். நாளின் எஞ்சிய பதினெட்டு மணி நேரத்தில் சிறுநீரகம் இழந்த உப்பை மீட்க முயலும். கிடைக்கும் உப்பையெல்லாம் இறுகப் பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் நாம் ஊறுகாயும் கருவாடும் உண்டால், காலையில் வெளியேறியது மாலையில் வீடு திரும்பிவிடும். மதகைத் திறந்துவைத்து, மேலே வாய்க்காலையும் திருப்பிவிட்டால் அணையின் மட்டம் எவ்வாறு இறங்கும்?

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேற்படாமல் உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் நாட்டு மக்கள் உண்பதோ 8 கிராம் அளவில் என்று ஆய்வுகள் கூறுகின்றன. நம் ஊர்ச் சுவைகளை எண்ணிப் பாருங்கள். சேலத்துத் தட்டுவடை செட், மோர் மிளகாய், அப்பளம், பேக்கரிப் பண்டங்கள், கலியாண வீட்டு ஊறுகாய் என எங்கும் உப்பு மறைந்திருக்கிறது. இந்துப்பு தீங்கற்றது என்று நம்பி மாறியோர் பலர்; இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் கலந்திருப்பதால் சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடுதலும் கூடாது.

பெரியத்தாவுக்கு மருத்துவர் இட்ட கட்டளைகள் மிக எளியவை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், எடை பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும். ஊறுகாய்ச் சாடி வீட்டில் இருத்தலாகாது. மாத்திரையை மாலையில் உண்ணாமல், முட்டை இறக்கி முடித்து ஓய்வெடுக்கும் இடத்தில் உண்ண வேண்டும். இந்த மூன்றாம் கட்டளையைக் கேட்டபோது பெரியத்தா வியந்து போனார். மாத்திரையின் நேரத்தை மனிதரின் தொழிலுக்கேற்ப மாற்றலாம் என்பதை அதுவரை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கூச்சத்தால் எவரிடமும் கேட்கவில்லை.

இக்கூச்சம் ஆடவர்க்கு இவ்வளவு என்றால் பெண்டிர்க்கு எவ்வளவு! தறிக்கூடத்திலும் ஜவ்வரிசி ஆலையிலும் பணிபுரியும் பெண்டிர், கழிப்பிடம் இல்லாமையால் மாத்திரையை விடுகின்றனர். நீர் அருந்துவதையும் விடுகின்றனர். திருமண வீட்டுக்குச் செல்லும் நாளில் பெரியம்மாவின் தோழியர் மாத்திரையைத் தவிர்ப்பதை நாம் அறிவோம். பேருந்து நிலையத்தில் ஒரு தூய கழிப்பிடம் அமைத்தலும் சிறுநீரக மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை ஊராட்சித் தலைவரும் ஆலை முதலாளிகளும் உணர்தல் வேண்டும்.

நோன்பும் மருந்தும்

2018-ஆம் ஆண்டு ரமலான் மே மாத நடுவில் தொடங்கிற்று. சேலத்து வெயிலைச் சொல்ல வேண்டுவதில்லை. பத்து வயது முதல் ஒரு நோன்பும் விடாத பெரியத்தா, அவ்வாண்டும் நோற்பேன் என்று பிடிவாதமாக நின்றார். பகல் முழுதும் நீரின்றி இருந்து, நீர் மாத்திரையும் உண்டால் தளர்ந்த சிறுநீரகம் மேலும் வாடும்; மாத்திரையை விட்டாலோ மூச்சு முட்டும். நோன்பு திறந்தபின் அருந்தும் கஞ்சியிலும் வடையிலும் உப்பு வேறு. மருத்துவர் கூடாது என்றார். பெரியத்தா மருத்துவர் சொல்லுக்கு இணங்கவில்லை.

பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கே வந்தார். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்களிக்கும் கட்டளை, நோன்பைக் கடமையாக்கும் கட்டளையை அடுத்து அல்பகரா அத்தியாயத்திலேயே உள்ளது என்பதை நினைவூட்டினார். மீளும் வாய்ப்பில்லாத நோயுடையவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தல் போதும் என்றும், இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே என்றும் மென்மையாக எடுத்துரைத்தார். பெரியத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்பு முப்பது நாளும் ஓர் ஏழைக்கு உணவளித்தார். அவர்களுள் இருவர் தம்மோடு லாரியில் சென்ற பழைய கிளீனர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் அவர் கண் கலங்குவதை நாம் கண்டோம். மருத்துவரும் மார்க்க அறிஞரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது நோயாளி பிழைக்கிறார் என்பதை அன்று அறிந்தோம். இருவரும் முன்கூட்டியே கலந்து பேசுவார்களாயின், ரஜபு மாதத்திலேயே பலருக்கு வழி பிறக்கும்.

அந்த மூச்சுமுட்டிய இரவுக்குப் பின் பெரியத்தா ஏழாண்டுகள் வாழ்ந்தார். நீர் மாத்திரை அவர் நோயைத் தீர்க்கவில்லை. அது தீர்க்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லவுமில்லை. இறுதி ஓராண்டு டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தட்டையாகப் படுத்து உறங்கினார். மூத்த பேத்தியின் நிக்காஹில் முன்வரிசையில் அமர்ந்தார். மீண்டும் ஒருமுறைகூட மூச்சுமுட்டி மருத்துவமனைக்கு ஓடவில்லை.

இன்று கண்ட புதுமை

அறிவு நின்ற இடத்தில் நிற்பதில்லை. சிறுநீரகம் மிகத் தளர்ந்தோர்க்குத் தயசைடு வகை பயன்படாது என்று பல்லாண்டுகளாகப் பாடநூல்கள் கூறிவந்தன. 2021-இல் அமெரிக்காவில் ராஜீவ் அகர்வால் குழுவினர், நான்காம் நிலைச் சிறுநீரக நோயும் அடங்காத இரத்த அழுத்தமும் உடைய 160 பேரிடம் குளோர்தாலிடோன் என்னும் பழைய, எளிய மாத்திரையைப் பன்னிரண்டு வாரம் தந்து சோதித்தனர். மேல் அழுத்தம் சராசரியாகச் சுமார் 11 புள்ளி இறங்கியது. பழம்பாடம் திருத்தப்பட்டது. ஆயினும் மருந்து பெற்றோரிடம் கிரியேட்டினின் ஏற்றமும் பொட்டாசியக் குறைவும் தலைசுற்றலும் மிகுந்து காணப்பட்டன. கண்காணிப்பு இன்றியமையாதது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய்க்கெனக் கண்ட கிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரகத் தளர்ச்சியின் வேகத்தையே குறைக்கின்றன என்பதை 2019 முதல் 2022 வரை வெளிவந்த பெரிய ஆய்வுகள் நிறுவியுள்ளன. பெரியத்தாவுக்கு இவை வாய்க்கவில்லை. இன்றைய நோயாளர்க்கு வாய்த்துள்ளன.

நோயை முன்னரே கண்டறிந்தால் இம்மருந்துகளின் பயன் பன்மடங்காகும். 2023 ஜூலையில் தமிழ்நாடு அரசு நம் சேலம் மாவட்டத்து இடைப்பாடியிலேயே சிறுநீரகம் காக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. சிறுநீரில் புரதம் கலந்துள்ளதா என்பதை ஒரு சிறு பட்டையை நனைத்தே அறியலாம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ரிச்சர்ட் பிரைட் கண்ட அதே அடையாளத்தை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிய இயலுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ளல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவன் நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் ஏற்ற காலத்தையும் எண்ணிச் செய்ய வேண்டும் என்கிறார். நீர் மாத்திரைக்கு இலக்கணம் வகுத்தாற்போல் அமைந்த கருத்து அது. அதனை அடுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அதிகாரத்தை முடிக்கிறார். முதல் மூன்றும் இன்று நம் ஊர்களில் கிடைக்கின்றன. நான்காமவர்தான் அரியராகிவிட்டார்.

அந்த நான்காம் இடம் மாணவச் செல்வங்களுக்கு உரியது. உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் நீர் மாத்திரை உண்பாராயின், அவர் எடையைக் காலையில் குறித்து வைப்பவர் யார்? மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர் யார்? பயண நாளில் மாத்திரையை எப்போது உண்பது என்று மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்பவர் யார்? இவற்றைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஓர் எடைப்பொறியும், முதியவரிடம் நாள்தோறும் இரண்டு நிமிடம் அமரும் அன்பும் போதும். தேங்கும் நீரை அளவறிந்து வெளியேற்றினால் கரை நிற்கும்; அடைத்தாலும் உடையும், அளவின்றித் திறந்தாலும் வறளும். அந்த அளவைக் காக்கும் கை நம் வீட்டுப் பிள்ளைகளின் கையாக இருக்கட்டும்.